தீர்த்தம் நின்றால் ராமேஸ்வரத்தில் என்னென்ன நிற்கும்: லாட்ஜ் எடுக்க நினைக்கும் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி: "சொந்த ஊர் பரமக்குடி, வேலை திருப்பூரில். ராமேஸ்வரத்தில் 20 ரூம் உள்ள லாட்ஜ் ஒன்று குத்தகைக்கு வருகிறது. எடுக்கலாம் என்று ஆசை. வீட்டில் எல்லோரும் கொரோனாவைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். பெருந்தொற்று வந்தால் சுற்றுலாவும் விடுதித் தொழிலும் உண்மையில் எப்படி அடிபடும்? நம்ம பக்கம் என்ன நடந்தது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்."

தம்பி, உங்கள் வீட்டார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் "எல்லாம் மூடிப்போச்சு, எல்லோருக்கும் நஷ்டம்" என்ற பேச்சை வைத்துக்கொண்டு ஒரு முடிவும் எடுக்க முடியாது. யாருக்கு முதலில் அடி விழுந்தது, யார் கடைசிவரை எழுந்திருக்கவில்லை, பணம் திரும்பியபோது யார் கைக்கு முதலில் வந்தது என்று பார்த்தால்தான் தொழில் புரியும். ராமேஸ்வரத்தில் சில லாட்ஜ்களுக்கும் கடைகளுக்கும் கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பெரிய எண்ணிக்கைகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். 2019-ல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 1.09 கோடி. 2020-ல் அது 27 லட்சமாகச் சுருங்கியது. தமிழ்நாட்டுக்கு வந்துபோன உள்நாட்டுப் பயணிகள் 2019-ல் ஏறக்குறைய 49 கோடி. 2020-ல் 14 கோடி. 2021-ல் அதற்கும் கீழே போய் 11.5 கோடி. இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். முழு ஊரடங்கு போட்ட வருஷத்தைவிட அடுத்த வருஷம்தான் கூட்டம் குறைவு. 2020-ல் ஜனவரியும் பிப்ரவரியும் மார்ச்சில் பாதியும் வழக்கம்போல ஓடின. 2021-ல் அப்படி நிம்மதியாக ஓடிய மாதம் என்று ஒன்றைக் காட்டுவது கஷ்டம்.

சரி, இப்போது நம்ம ஊருக்கு வருவோம். ராமேஸ்வரத்தில் லாட்ஜ் ஏன் ஓடுகிறது? கோயில் இருப்பதால் என்று எல்லோரும் சொல்வார்கள். என் கணக்குப்படி அது பாதி பதில்தான். லாட்ஜை ஓட்டுவது தீர்த்தம்.

ஒரு குடும்பம் ராமேஸ்வரத்தில் காலையில் என்ன செய்கிறது என்று பாருங்கள். முதல் நாள் இரவே வந்து ரூம் எடுக்கிறார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம் என்றால் நாலு மணிக்கே எழுந்தாக வேண்டும். அப்புறம் அக்னி தீர்த்தத்தில் கடல் குளியல். முன்னோருக்குத் திதி, தர்ப்பணம் கொடுப்பவர்கள் கரையிலேயே புரோகிதரிடம் உட்காருகிறார்கள். ஈரத்துணியோடு கோயிலுக்குள் போய், மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கி கோடி தீர்த்தம் வரை 22 தீர்த்தம். ஒவ்வொரு கிணற்றின் விளிம்பிலும் ஒருவர் நின்று வாளியை இறக்கி, இழுத்து, தலையில் ஊற்றுகிறார். பாட்டி, பேரப்பிள்ளை எல்லோரும் சொட்டச் சொட்ட வெளியே வந்து, உடை மாற்றிக்கொண்டுதான் மறுபடி சாமி பார்க்கப் போக வேண்டும். கோயில் பக்கம் உடை மாற்ற இடம் இருக்கிறது. ஆனாலும் பெண்களும் வயதானவர்களும் உள்ள குடும்பத்துக்கு ரூம் இல்லாமல் சரிப்படாது. ஈரத்துணி காயவேண்டும், சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் படுக்கவேண்டும், சாயங்காலம் தனுஷ்கோடி பார்க்கவேண்டும். இப்படித்தான் ஒரு இரவு ரூம் விற்பனையாகிறது, பல பேருக்கு இரண்டு இரவு.

தீர்த்தத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள். காரில் மதுரையிலிருந்து காலையில் கிளம்புகிறார்கள், தரிசனம் செய்கிறார்கள், அரிச்சல்முனை வரை போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், இரவுக்குள் மதுரை திரும்பிவிடுகிறார்கள். கோயிலில் கூட்டம் இருக்கும், உங்கள் லாட்ஜில் சாவியெல்லாம் பலகையிலேயே தொங்கும்.

2020-ல் இதுதான் நடந்தது. மார்ச் 24 சாயங்காலத்திலிருந்து தமிழ்நாடு மூடியது. கோயில்களும் லாட்ஜ்களும் திறக்க அனுமதி வந்தது செப்டம்பர் 1-ல். அன்றோடு மாநிலத்துக்குள் மாவட்டம் தாண்ட வேண்டியிருந்த இ-பாஸும் போனது. ஊரே பிழைத்துவிட்டது என்று செய்தி வந்தது. ஆனால் தீர்த்தமாடத் தடை அதற்கப்புறமும் பல மாதம் நீடித்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓட இன்னும் ஒரு வாரம் ஆனது, ரயில்கள் சிறப்பு ரயில் என்ற பெயரில் ஒவ்வொன்றாகத்தான் திரும்பின. காசியிலிருந்து கங்கை நீரோடு வருகிறவர்கள், குஜராத்திலிருந்து ஓகா ரயிலில் கூட்டமாக வருகிறவர்கள், இவர்களெல்லாம் ரயிலை நம்பியவர்கள். நம்ம ஊரில் நான்கு நாள் தங்கி, சங்கு வாங்கி, வடநாட்டு மெஸ்ஸில் சாப்பிட்டு, ஆட்டோவில் சுற்றுகிறவர்களும் இவர்கள்தான். அவர்கள் வராதவரை, திறந்தும் திறக்காத நிலைமைதான்.

பெருந்தொற்று இந்தத் தொழிலில் செய்வது முதலில் இதுதான். கதவைத் திறக்கச் சொல்லி அரசு ஆணை வரும் நாளும், வாடிக்கையாளர் வரும் நாளும் ஒன்றல்ல. ஆணை வந்த அன்றைக்கே ஆள் கூலி, மின்கட்டணம், தண்ணீர் லாரி எல்லாம் ஆரம்பித்துவிடும். நடுவில் இருக்கும் மாதங்களை யார் பணத்தில் ஓட்டுவது என்பதுதான் கேள்வி. நான் பார்த்த வரையில், பூட்டியிருந்த காலத்தைவிடத் திறந்து காத்திருந்த காலத்தில் கடன் ஏறியவர்கள் அதிகம்.

இரண்டாவது, சீசன். ராமேஸ்வரத்துக்கு வருஷத்தில் 365 நாளும் வருமானம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோடை விடுமுறை, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, கார்த்திகை மார்கழியில் ஐயப்ப பக்தர்கள், தை அமாவாசை. இவற்றில் சம்பாதித்து மற்ற மாதங்களைத் தள்ளுகிறோம். முதல் ஊரடங்கு ஏப்ரல், மே இரண்டையும் முழுசாக விழுங்கியது. அடுத்த வருஷம் ஏப்ரல் 26-லிருந்து கோயில்கள் மூடின, மே 10-லிருந்து முழு ஊரடங்கு, ஜூலை 5-ல்தான் கோயில் திறந்தது. ஆக இரண்டு கோடை போனது. 2020, 2021 இரண்டு ஆடி அமாவாசைக்கும் அக்னி தீர்த்தக் கரைக்குப் பக்தர்களை விடவில்லை. 2021 ஆகஸ்ட்டிலிருந்து அக்டோபர் பாதி வரை வெள்ளி, சனி, ஞாயிறு கோயில் நடை சாத்தியிருந்தது. நோய்க்குக் கூட்டத்தைத் தவிர்க்க வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் லாட்ஜ்காரருக்கு வாரத்தில் ரூம் நிரம்புவதே அந்த மூன்று நாளில்தான்.

உங்கள் 20 ரூமுக்கு ஒரு உதாரணக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, நீங்கள் உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். குத்தகை மாதம் ஒன்றரை லட்சம். ஆறு பேர் சம்பளம் 90,000. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் கட்டவேண்டிய மின் நிலைக்கட்டணம், வரி, இதர செலவு 20,000. மொத்தம் 2,60,000. ரூம் வாடகை 1,200 என்றால், சலவை, சோப்பு, கரண்ட், தண்ணீர் என்று 250 போக 950 நிற்கும். 2,60,000-ஐ 950-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 274 ரூம். தினமும் ஏறக்குறைய 9 ரூம் ஓடினால்தான் கைப்பணம் போடாமல் தப்பலாம். இன்றைக்கு ஓடாத ரூமை நாளைக்குச் சேர்த்து விற்க முடியாது. சங்குக் கடைக்காரரின் சரக்கு ஆறு மாதம் கழித்தும் சங்குதான், மார்ச் 25 இரவின் ரூம் மார்ச் 25-ஓடு போயிற்று. ஐந்து மாதம் பூட்டியிருந்து எல்லோருக்கும் ஒழுங்காகக் கொடுத்திருந்தால் 13 லட்சம். இதனால்தான் பலர் ஆட்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

பூட்டி வைத்தால் செலவு நின்றுவிடும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். இது தீவு, தம்பி. நாலு பக்கமும் உப்புக்காற்று. ஓடிக்கொண்டிருக்கும் லாட்ஜிலேயே ஏசியின் வெளிப்பெட்டி சீக்கிரம் அரித்துப்போகும். ஐந்து மாதம் கழித்துத் திறந்த ஒரு லாட்ஜுக்குக் கணக்கு எடுக்கப் போனபோது பார்த்தேன்: கட்டில் கால்களில் துரு பொருக்கு பொருக்காக உதிர்ந்து தரையில் வட்டமாகக் கிடந்தது. ஏசியின் அலுமினியத் தகடுகளை விரலால் தொட்டால் மாவாக வந்தது. தண்ணீர் மோட்டார் இறுகிப்போய்ச் சுற்றவில்லை. ஆர்.ஓ. இயந்திரத்தின் சவ்வு காய்ந்துவிட்டது. ஜெனரேட்டர் பேட்டரி செத்திருந்தது. மெத்தைகளில் பூஞ்சை. ஒரு ரூபாய் வருமானம் வருவதற்கு முன்னால் இத்தனைக்கும் பணம் எடுத்து வைக்க வேண்டியிருந்தது. அந்த மாதிரிக் காலம் மறுபடி வந்தால், வாரம் ஒருநாள் ஒருவர் வந்து ஏசியும் மோட்டாரும் ஓட்டி, ஜன்னல் திறந்துவிடும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அந்தக் கூலி வீண்போகாது.

ஆனாலும் லாட்ஜ் உரிமையாளருக்குக் கட்டடமாவது மிஞ்சியது. எனக்கு மனசு ஆறாத இடம் வேறு. தீர்த்தக் கிணற்றில் வாளி இழுக்கும் யாத்திரைப் பணியாளர்களுக்கு வருமானமே தீர்த்தக் கட்டணத்தில் வரும் பங்குதான். தீர்த்தம் நின்றால் அது சுத்தமாக நின்றது. கரையில் திதி செய்துவைக்கும் புரோகிதர், ஈரத்துணியோடு நிற்பவர்களுக்குத் துண்டு விற்கிறவர், டீ விற்கிறவர், சாமான் பார்த்துக்கொள்கிறவர், லாட்ஜ் படுக்கைவிரிப்பு வெளுக்கிறவர், மெஸ்ஸில் சப்பாத்தி தேய்க்கும் பெண்கள்: இவர்கள் யாருக்கும் மாதச் சம்பளம் கிடையாது, பி.எஃப். கிடையாது, பெயர் எழுதிய பதிவேடு கிடையாது. ஹோட்டல் துறை நஷ்டம் என்று செய்தியில் வந்த தொகைகளில் இவர்கள் இழந்த காசு சேரவே இல்லை. நகை அடகுக்குப் போனது, அப்புறம் குழுக்கடன், அப்புறம் வட்டிக்காரர். பல வீடுகளில் இதே வரிசைதான்.

தனுஷ்கோடிப் பக்கம் இன்னும் மோசம். 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தபிறகு, கம்பிப்பாடு, முகுந்தராயர் சத்திரம் பக்கத்து மீனவக் குடும்பங்கள் பல சாலையோரம் மீன் வறுத்து விற்கத் தொடங்கின. ஆண்கள் கடலுக்கு, பெண்கள் கடைக்கு. கடல் கைவிட்டால் கடை, கடை படுத்தால் கடல். நல்ல ஏற்பாடுதான். பெருந்தொற்றில் இரண்டும் ஒரே நாளில் விழுந்தன. படகு போக முடியவில்லை, போய்வந்தாலும் ஏலம் எடுக்க வியாபாரி இல்லை, இறால் நண்டு ஏற்றுமதி நின்றது. சாலையில் வண்டி இல்லை. வழக்கமாக ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். அந்த வருஷம் மட்டும் அதை மே 31-ஓடு முடித்தார்கள். கடலுக்குப் போக முடிந்தது. ஆனால் கடற்கரைகளைப் பொதுமக்களுக்குத் திறக்க டிசம்பர் 14 ஆகிவிட்டது. சுற்றுலாவும் மீனும் இரண்டு தனித்தொழில் என்று அரசுக் கோப்புகளில் இருக்கிறது. அந்தக் குடும்பங்களுக்கு அது ஒரே அடுப்பு.

ஏர்வாடி தர்கா, தேவிபட்டினம் நவபாஷாணம், சேதுக்கரை, காரங்காட்டின் அலையாத்திக் காட்டுப் படகுச் சவாரி, எல்லாவற்றிலும் இதே கதைதான். 2021-ல் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கும் இங்கிருந்து பக்தர்கள் போகவில்லை.

உதவியே வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. யாருக்கு என்பதுதான் விஷயம். ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தவணைக்கு அவகாசம் கொடுத்தது. வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. மே மாதம் மத்திய அரசு அறிவித்த அவசரக் கடன் திட்டத்தில், 2020 பிப்ரவரி 29 அன்று வங்கியில் நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் வரை கூடுதல் கடன் கிடைத்தது. விடுதித் தொழிலுக்கு அதை 2021-ல் 40 சதவீதம் ஆக்கினார்கள். அதாவது ஏற்கெனவே வங்கியில் கடன் இருந்தவருக்குத்தான் மேலும் கடன். வட்டிக்காரரிடம் வாங்கி லாட்ஜ் நடத்தியவருக்கு அதில் ஒரு காசும் இல்லை. தெருவோர வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய்க் கடன் வந்தது, சான்று இருந்தவர்கள் வாங்கினார்கள். 2021-ல் சுற்றுலா வழிகாட்டிகளுக்கு ஒரு லட்சம் வரை உத்தரவாதக் கடன் அறிவித்தார்கள், அங்கீகாரம் பெற்றவர்களுக்கு மட்டும். ரேஷன் கார்டுக்கு முதல் வருஷம் 1,000, அடுத்த வருஷம் 4,000 ரூபாய் என்று மாநில அரசு கொடுத்தது ஒன்றுதான் வாளி இழுக்கிறவர் வீட்டுக்கும் துண்டு விற்கிறவர் வீட்டுக்கும் கேள்வி கேட்காமல் போய்ச் சேர்ந்தது. தாளில் பெயர் இல்லாத தொழிலாளிக்கு எந்த நல்ல திட்டமும் எட்டாது. கோயிலும் நகராட்சியும் சேர்ந்து, யாத்ரீகரை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு ஒரு பதிவேடு இன்றைக்கே தொடங்கவேண்டும் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நோய் வந்தபிறகு எழுத உட்கார்ந்தால் நேரம் இருக்காது.

இந்தக் கரைக்கு நோய்த்தடுப்புக் காவல் புதிதல்ல என்பதையும் சொல்லவேண்டும். மண்டபம் கேம்ப் ரயில் நிலையத்தின் பெயரில் இருக்கும் கேம்ப் எது தெரியுமா? இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களைக் காலரா, பிளேக் பயத்தால் தடுத்துவைத்துச் சோதித்து அனுப்பிய முகாம். இலங்கை அரசே நடத்தியது. ஆட்களை நிறுத்தினாலும் சோறு போட்டு, இடம் கொடுத்து நிறுத்தினார்கள். தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே. 2020-ல் வேலையிழந்து இங்கேயே மாட்டிக்கொண்ட வெளிமாநில மெஸ் தொழிலாளிகளுக்கு அந்த அளவு ஏற்பாடுகூட உடனே கிடைக்கவில்லை. சில மடங்களும் அக்கம்பக்கத்து வீடுகளும்தான் சோறு போட்டன.

இன்னொன்று. பெருந்தொற்றை மற்ற இடைஞ்சலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் ரயில் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ல்தான் திறந்தது. அதுவரை ரயில்கள் மண்டபம், ராமநாதபுரத்தோடு நின்றன. அப்போதும் பயந்தோம். ஆனால் யாத்ரீகர் மண்டபத்தில் இறங்கி, பஸ்ஸிலும் வேனிலும் ஆட்டோவிலும் வந்தார். ஒருவர் கையிலிருந்து காசு இன்னொருவர் கைக்கு மாறியது, அவ்வளவுதான். பெருந்தொற்றில் காசு கை மாறவில்லை, கிளம்பவே இல்லை. முதல் வகை இடைஞ்சலைச் சாமர்த்தியத்தால் சமாளிக்கலாம். இரண்டாவதற்குக் கையிருப்பு ஒன்றுதான் மருந்து.

இனி உங்கள் லாட்ஜ். குத்தகை ஒப்பந்தத்தில் பெருந்தொற்று, அரசு மூடல் ஆணை என்று பெயர் சொல்லி ஒரு விதி எழுதுங்கள்: மூடியிருக்கும் நாட்களுக்கு வாடகை இல்லை அல்லது கால்பங்கு. "அப்போது பேசிக்கொள்ளலாம்" என்று உரிமையாளர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2020 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம், கான் மார்க்கெட் கடைக்காரர் ஒருவரின் வழக்கில், ஒப்பந்தத்தில் விதி இல்லாமல் ஊரடங்கைக் காட்டி வாடகையை நிறுத்திவைக்க முடியாது என்று சொல்லிவிட்டது. சாதாரணத் தீ விபத்துக் காப்பீட்டை நம்பவும் வேண்டாம். கட்டடத்துக்குச் சேதம் இல்லாமல் வருமானம் மட்டும் போனால் அதில் கிடைக்காது. முடிந்தால் வாடகையைக் குறைந்தபட்சத் தொகை ஒன்று, அதற்குமேல் வசூலில் பங்கு என்று பேசுங்கள். நல்ல மாதத்தில் அவருக்கு லாபம், கெட்ட மாதத்தில் உங்களுக்கு மூச்சு.

ஆறு மாத நிலைச்செலவைத் தொடாமல் வங்கியில் வைக்க முடியுமா என்று பாருங்கள். மேலே போட்ட கணக்குப்படி அது 15,60,000. அட்வான்ஸ் போக அவ்வளவு மீதி இல்லையென்றால் 20 ரூம் வேண்டாம், 10 ரூம் பாருங்கள். ஜி.எஸ்.டி., வருமான வரிக் கணக்கு, ஒரு சிறிய வங்கிக் கடன், இவை முதல் வருஷத்திலிருந்தே உங்கள் பெயரில் இருக்கட்டும். அடுத்த முறை எந்த உதவி வந்தாலும் இந்தத் தாள்களைத்தான் கேட்பார்கள். முன்பதிவுப் பணத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள். 2020-ல் அட்வான்ஸைச் செலவழித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க முடியாமல் திண்டாடியவர்கள் உண்டு. உடனே திருப்பிக் கொடுத்தவர்களைத் தேடி அதே குஜராத்திக் குழுக்கள் மறுபடி வந்ததையும் கணக்கில் பார்த்திருக்கிறேன்.

ஆட்கள் விஷயத்தில் ஒன்று மட்டும். ரூம் பாயையும் சமையல் மாஸ்டரையும் சும்மா அனுப்பிவிட்ட லாட்ஜ்கள், திறந்தபோது ஆள் கிடைக்காமல் தவித்தன. போனவர்கள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கும் கட்டட வேலைக்கும் சேர்ந்துவிட்டார்கள், உங்களுக்கே தெரிந்திருக்கும். பாதிச் சம்பளமும் அரிசியும் கொடுத்து நிறுத்திவைத்தவர்களிடம் திறந்த அன்றைக்கே ஆள் இருந்தது. ஆறு பேருக்கும் பி.எஃப். கட்டத் தயங்காதீர்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த லாட்ஜின் 2018, 2019 வருஷத்து ரூம் பதிவேட்டையும் கடைசி இரண்டு வருஷத்துப் பதிவேட்டையும் கேட்டு வாங்குங்கள். அமாவாசை நாட்களையும் சனி ஞாயிறையும் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதி நாட்களில் 9 ரூம் ஓடியிருக்கிறதா என்று எண்ணுங்கள். பதிவேடு கிடைத்ததும் எழுதுங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.